டென்மார்க்கின் பேச்சுச் சுதந்திரம் முஸ்லிம்களுக்கு மட்டும் வேறானதா?

2005-இல் நபிகள் நாயகத்தைக் கேலிச்சித்திரமாக வரைந்ததைப் பேச்சுச் சுதந்திரம் என்று சொன்ன டென்மார்க், 2018-இல் நிகாப் அணியும் பெண்களுக்குத் தண்டப்பணம் விதித்தது, 2023-இல் குர்ஆனை எரிப்பதைக் குற்றமாக்கியது; இந்த நாட்டுக்குக் கொள்கை என்று ஒன்று உண்டா, அல்லது முஸ்லிம்கள் என்று வரும்போது வசதிக்கேற்ப மாற்றிக்கொள்கிறார்களா, ஹிஜாப் அணியும் என் மகளை அங்கே மேற்படிப்புக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒன்று, சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறதா என்பது. அதற்குப் பெரும்பாலும் விடை சொல்லிவிடலாம். மற்றது, ஒரு நாட்டில் ஒன்றி வாழ்வதற்கு, நான் உயிரினும் மேலாக மதிக்கும் ஒன்றைப் பிறர் இழிவுபடுத்துவதை வாய்மூடிப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனையா என்பது. உங்கள் மனத்தை வருத்துவது இந்த இரண்டாவது கேள்விதான் என்று நினைக்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறுவயதில் பெற்றோருடன் டென்மார்க்குக்கு வந்தவன். ஓர்ஹூஸ் நகரில் சட்டம் படித்தேன். கேலிச்சித்திரங்கள் வெளியானபோது மாணவனாக இருந்தேன். அதன்பின் பதினேழு ஆண்டுகளாகக் குற்றவியல் வழக்குகளிலும் குடிவரவு வழக்குகளிலும் சட்டத்தரணியாக நிற்கிறேன். நான் முஸ்லிம் அல்லன். உருவப்படம் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை விளக்கும் தகுதி எனக்கில்லை, அதை ஆலிம்களிடம்தான் கேட்க வேண்டும். பிரான்ஸ், ஜேர்மனி, ஒஸ்திரியா ஆகிய நாடுகளின் சட்டங்களை வாசித்திருக்கிறேனே தவிர அந்த நீதிமன்றங்களில் வாதாடியதில்லை. ஆகவே ஐரோப்பா முழுவதையும் பற்றிப் பேசுவதைவிட, நான் நின்று பார்த்த டென்மார்க்கைப் பற்றியே சொல்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியவற்றிலிருந்து தொடங்குகிறேன். டென்மார்க்கின் அரசியலமைப்பு 1849-இல் பிறந்தது. அதில் இன்று 77-ஆவதாக இருக்கும் உறுப்புரை, எவரும் தம் கருத்தை அச்சிலோ எழுத்திலோ பேச்சிலோ வெளியிடலாம் என்கிறது. உடனேயே, நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அவருக்கு உண்டு என்றும் சேர்த்துச் சொல்கிறது. முன்தணிக்கை இனி ஒருபோதும் திரும்பி வரக்கூடாது என்று முடிகிறது. அதாவது, வெளியிடுவதற்கு முன் அரசு தடுக்க முடியாது, வெளியிட்ட பின் சட்டம் கேள்வி கேட்கலாம். பலர் நினைப்பதுபோல டென்மார்க் மதச்சார்பற்ற அரசும் அன்று. அதே அரசியலமைப்பின் 4-ஆவது உறுப்புரை லூத்தரன் சபையை மக்களின் சபை என்று அறிவித்து, அரசு அதை ஆதரிக்கும் என்கிறது. பிரான்சின் 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போல அரசையும் மதத்தையும் பிரித்துவைத்த ஒரு சட்டம் இங்கே எழுதப்படவேயில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம், கேலிச்சித்திர விவாதத்தின்போது முஸ்லிம்களிடம் "எங்கள் மதச்சார்பற்ற அரசமைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று சொன்னவர்களில் பலர், தங்கள் சொந்த அரசியலமைப்பில் இல்லாத ஒன்றை மேற்கோள் காட்டினார்கள் என்பதுதான்.

கடவுளை நிந்திப்பவரின் நாக்கை அறுத்து, தலையை வெட்டி, இரண்டையும் கம்பத்தில் ஏற்ற வேண்டும் என்று 1683-ஆம் ஆண்டின் டென்மார்க் சட்டத் தொகுப்பு சொன்னது. அந்தக் கொடுமை மறைந்தாலும் மத நிந்தனை என்ற குற்றம் மறையவில்லை. 1930-இல் எழுதப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 140-ஆவது பிரிவு, இந்நாட்டில் சட்டப்படி இயங்கும் எந்த மதச் சமூகத்தின் கோட்பாட்டையோ வழிபாட்டையோ பகிரங்கமாக ஏளனம் செய்தால் நான்கு மாதம் வரை சிறை என்றது. "எந்த மதச் சமூகமும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். இஸ்லாமும் அதற்குள் அடங்கும். ஆனால் அந்தப் பிரிவு ஏறத்தாழ உறங்கிக் கிடந்தது. 1938-இல் யூதர்களை இழிவுபடுத்திச் சுவரொட்டி ஒட்டியவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 1946-இல் ஒரு மாறுவேட விருந்தில் பொம்மைக்கு ஞானஸ்நானம் கொடுத்து நடித்த இருவர் தண்டிக்கப்பட்டார்கள். 1971-இல் ஒரு பாடலை ஒலிபரப்பியதற்காக வழக்கில் நிறுத்தப்பட்ட இரண்டு வானொலி அதிகாரிகள் விடுதலையானார்கள். அதன்பின் அந்தப் பிரிவின்கீழ் எவரும் தண்டிக்கப்படவில்லை.

உறங்காமல் விழித்திருந்தது வேறொரு பிரிவு: 266ஆ. இனம், நிறம், பிறந்த நாடு, மத நம்பிக்கை, பாலியல் நாட்டம் ஆகியவற்றின் பேரில் ஒரு மக்கள் கூட்டத்தைப் பகிரங்கமாக அச்சுறுத்தினாலோ இழிவுபடுத்தினாலோ இரண்டு ஆண்டுகள் வரை சிறை. நம்மவர்கள் பேசும்போது பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். முஸ்லிம்களைப் பற்றிப் பேசியதற்காக மொகென்ஸ் கிளிஸ்ட்ரூப் என்ற முன்னாள் கட்சித் தலைவரை 2000-இல் உச்ச நீதிமன்றம் தண்டித்தது. முஸ்லிம் தந்தையர் தம் மகள்மாரைக் கொல்கிறார்கள் என்ற பொருளில் எழுதிய டென்மார்க் மக்கள் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர் யெஸ்பர் லங்பல்ல 2010-இல் குற்றவாளியாகித் தண்டப்பணம் கட்டினார். அதே போன்ற கருத்தைச் சொன்ன லார்ஸ் ஹெடகோர் என்பவரை 2012-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அவர் சொன்னது சரி என்பதற்காக அன்று, அது பரவலாக வெளியிடப்படும் என்று எண்ணிப் பேசியது நிரூபிக்கப்படவில்லை என்பதற்காக. யூதர்களுக்கு எதிரான துண்டுப்பிரசுரத்துக்காக ஹிஸ்புத் தஹ்ரீர் என்ற இஸ்லாமிய அரசியல் அமைப்பின் பேச்சாளரும் இதே பிரிவின்கீழ் தண்டிக்கப்பட்டிருக்கிறார். சுருங்கச் சொன்னால், ஒரு கோட்பாட்டைத் தாக்குவது ஒன்று, அந்தக் கோட்பாட்டை நம்பும் மனிதர்களைத் தாக்குவது வேறு என்று டென்மார்க் நீதிமன்றங்கள் ஒரு கோடு கிழித்திருக்கின்றன. நம்பிக்கையாளனுக்கு அந்தக் கோடு அவ்வளவு தெளிவாகத் தெரியாது என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். நபியை இழிவுபடுத்தினால் தன் தாயை இழிவுபடுத்தியதைவிட மேலாக வலிக்கும் ஒருவரிடம், "இது உன்னைப் பற்றியதன்று" என்று சொல்வது வெறும் சட்டப் பேச்சாகவே கேட்கும்.

இனி 2005. குழந்தைகளுக்காக நபிகளின் வரலாற்றை எழுதிய ஒரு டேனிஷ் எழுத்தாளர், தம் நூலுக்குப் படம் வரைய ஆள் கிடைக்கவில்லை, எல்லோரும் அஞ்சுகிறார்கள் என்று சொன்னார். அதைச் சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லி யூலண்ட்ஸ்-போஸ்டன் நாளிதழ் ஓவியர்களை அழைத்து, வந்த 12 படங்களை செப்டெம்பர் 30 அன்று வெளியிட்டது. பன்னிரண்டும் ஒரே விதமானவை அல்ல. ஒரு படத்தில் முஹம்மது என்ற பெயருள்ள, கோப்பன்ஹேகனில் படிக்கும் ஒரு பள்ளிச் சிறுவன் கரும்பலகைமுன் நிற்கிறான். அவன் பாரசீக மொழியில் எழுதியிருப்பது, இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் குழு பிற்போக்கான கலகமூட்டிகள் என்று. கூர்ட் வெஸ்டர்கோர் வரைந்த, தலைப்பாகையில் குண்டு வைத்த படமோ உலகம் முழுவதும் போனது.

என்னைப் பொறுத்தவரை படங்களைவிட அவற்றோடு அச்சான கட்டுரைதான் முக்கியம். பண்பாட்டுப் பகுதியின் ஆசிரியர் ஃபிளெமிங் ரோஸ் அதில் எழுதியதன் சாரம் இது: சில முஸ்லிம்கள் தம் மத உணர்வுக்குத் தனிச் சலுகை கேட்கிறார்கள், ஏளனத்தையும் நையாண்டியையும் பரிகாசத்தையும் தாங்கத் தயாராக இருக்க வேண்டிய மக்களாட்சியோடு அது பொருந்தாது. இந்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லாம் தடம்புரண்டது என்பது என் உறுதியான எண்ணம். பேச்சுச் சுதந்திரம் என்பது குடிமகனுக்கும் அரசுக்கும் இடையிலான உறவு; நான் பேசியதற்காக அரசு என்னைச் சிறையில் போடாது என்ற வாக்குறுதி. அதை, புதிதாக வந்து குடியேறியவன் தேற வேண்டிய ஒரு பரீட்சையாக அந்த வாக்கியம் மாற்றியது. ஏளனத்தைத் தாங்கிக் காட்டு, அப்போது நீ எங்களில் ஒருவன் என்று அது சொன்னது. எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை.

2005-ஆம் ஆண்டின் இறுதியில் ஓர்ஹூஸின் மேற்குப் பகுதியில் இயங்கிய ஓர் இலவசச் சட்ட உதவி நிலையத்தில் மாலை நேரங்களில் நான் உட்கார்ந்திருப்பேன். வாடகைத் தகராறு, சம்பளப் பாக்கி, விவாகரத்து என்று வருவார்கள். ஒரு நாள் லெபனானிலிருந்து அகதியாக வந்து இருபது ஆண்டுகளாக அங்கே வாழும் ஒரு பெரியவர் வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் மடித்து வைத்த அந்தப் பத்திரிகை. வெறுங்கையால் அதைத் தொட அவருக்கு மனமில்லை. மேசைமேல் வைத்துவிட்டு, "எந்த நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்?" என்று கேட்டார். அமைப்புகள் ஏற்கெனவே பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கின்றன, முடிவுக்குக் காத்திருக்க வேண்டும், பெரும்பாலும் வழக்கு எடுக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இல்லை என்றால் இல்லை என்று எழுதித் தருவார்களா?" என்றார். தருவார்கள், காரணத்தோடு எழுதித் தருவார்கள் என்றேன். "அப்படியானால் சரி. எங்கள் ஊரில் இல்லை என்பதைக்கூட எழுதித் தரமாட்டார்கள்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். ஒருங்கிணைவு பற்றி நான் கேட்ட எத்தனையோ உரைகளில் எதுவும் அந்தப் பெரியவரின் கேள்வியைப் போல என்னுள் தங்கவில்லை.

உலகம் நினைவில் வைத்திருப்பது எரிந்த தூதரகங்களை. ஆனால் டென்மார்க்கில் வாழ்ந்த முஸ்லிம்கள் முதலில் செய்தது வேறு. ஒக்டோபர் 14-இல் ஆயிரக்கணக்கானோர் கோப்பன்ஹேகன் வீதிகளில் அமைதியாக ஊர்வலம் போனார்கள். அந்த மாதத்திலேயே 140, 266ஆ ஆகிய இரு பிரிவுகளின்கீழும் முறைப்பாடு செய்தார்கள். 2006 ஜனவரியில் வீபோர்க் நகரின் அரச வழக்குத்தொடுநர் விசாரணையைக் கைவிட்டார். மார்ச் 15-இல் அரச வழக்குத்தொடுநர் நாயகம் ஹென்னிங் ஃபோட அந்த முடிவை உறுதிசெய்தார். வழக்கு இல்லை என்று சொன்ன அதே ஆவணத்தில், ஏளனத்தையும் பரிகாசத்தையும் தாங்கியே ஆக வேண்டும் என்று பத்திரிகை எழுதியது நடைமுறைச் சட்டத்தின் சரியான விளக்கம் அன்று என்றும் அவர் எழுதினார். இதை அந்நாளில் மிகச் சிலரே கவனித்தார்கள். பிறகு ஏழு முஸ்லிம் அமைப்புகள் அவதூறு வழக்குப் போட்டன; ஓர்ஹூஸ் நீதிமன்றம் 2006 ஒக்டோபரிலும், மேற்கு மேல்நீதிமன்றம் 2008-இலும் தள்ளுபடி செய்தன. சிலர் மனம் புண்பட்டிருக்கலாம், ஆனால் முஸ்லிம்களை இழிவுபடுத்துவதே நோக்கம் என்று கொள்ளப் போதிய ஆதாரமில்லை என்பது காரணம். மொரோக்கோவைச் சேர்ந்த சிலர் ஸ்ட்ராஸ்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். டென்மார்க்கின் அதிகார எல்லைக்குள் அவர்கள் வரவில்லை என்று 2006 டிசம்பரில் அந்த மனு ஏற்கப்படாமல் போனது. எல்லாப் படியிலும் தோற்றார்கள். ஆனால் முறைப்பாடு, மேன்முறையீடு, அவதூறு வழக்கு என்று ஒவ்வொரு படியையும் ஏறிய அவர்களை, ஒன்றி வாழத் தெரியாதவர்கள் என்று சொல்வது எப்படி நியாயமாகும்? நாட்டின் சட்டத்தை நம்பி நீதிமன்றப் படியேறுவதைவிட ஒன்றி வாழ்தல் வேறென்ன?

அரசியல் பக்கம் வேறு கதை. முஸ்லிம் நாடுகளைச் சேர்ந்த 11 தூதுவர்கள் சந்திக்க நேரம் கேட்டபோது, பிரதமர் அனஸ் ஃபோ ராஸ்முசன் மறுத்துவிட்டார். பத்திரிகைமீது அரசுக்கு அதிகாரமில்லை, புண்பட்டவர்கள் நீதிமன்றம் போகலாம் என்ற அவருடைய கடித வாசகம் சட்டப்படி முற்றிலும் சரி. சந்திக்கவே மறுத்தது சரியா என்பது வேறு; 22 முன்னாள் டேனிஷ் தூதுவர்கள் அதை வெளிப்படையாகவே கண்டித்தார்கள், நானும் அவர்கள் பக்கம்தான். மறுபுறம், டிசம்பரில் எகிப்துக்கும் லெபனானுக்கும் போன டென்மார்க் இமாம்களின் குழு கொண்டுசென்ற கோப்பில், பத்திரிகை வெளியிடாத மூன்று படங்களும் இருந்தன. அவற்றில் ஒன்று பிரான்சில் நடந்த ஒரு பன்றிக்குரல் போட்டியின் புகைப்படம். அந்தக் குழுவில் இருந்த அஹ்மத் அக்காரி 2013-இல் தம் செயலுக்காகப் பகிரங்கமாக வருந்தினார். 2006 பெப்ரவரி தொடக்கத்தில் டமாஸ்கஸிலும் பெய்ரூத்திலும் டேனிஷ் தூதரகங்கள் எரிந்தன, வளைகுடாவில் டேனிஷ் பால்பொருள்கள் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன, பல நாடுகளில் உயிர்கள் போயின. அந்தக் கோப்புதான் இத்தனைக்கும் காரணமா, அல்லது சிரியா போன்ற அரசுகள் தம் தேவைக்காகக் கூட்டத்தைத் தெருவில் விட்டனவா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. இரண்டும் கலந்தது என்பது என் ஊகம். அதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊகத்துக்கு இடமில்லாத ஒன்று வன்முறை. 2010 புத்தாண்டு நாளில் ஒருவன் கோடரியுடன் வெஸ்டர்கோரின் வீட்டுக்குள் புகுந்தான். எழுபது வயதைக் கடந்த அந்த மனிதர் குளியலறைக்குள் பூட்டிக்கொண்டு உயிர் தப்பினார். 2015 பெப்ரவரி 14-இல் கோப்பன்ஹேகனில் கலையும் பேச்சுச் சுதந்திரமும் பற்றிய ஒரு கூட்டத்தைத் துப்பாக்கியால் தாக்கியவன், திரைப்பட இயக்குநர் ஃபின் நோர்கோரைக் கொன்றான்; நள்ளிரவுக்குப் பின் யூத ஆலயத்தின் வாயிலில் காவல் நின்ற டான் உசானையும் கொன்றான். கொன்றவன் டென்மார்க்கிலேயே பிறந்த 22 வயது இளைஞன். ஐந்து ஆண்டுகள் கழித்துப் பிரான்சில், வகுப்பில் கேலிச்சித்திரத்தைக் காட்டிய ஆசிரியர் சாமுவேல் பட்டி கழுத்தறுக்கப்பட்டார். புண்பட்ட உணர்வைக் காரணம் காட்டி இந்தக் கொலைகளின் பாரத்தைக் குறைக்கும் எந்தப் பேச்சையும் நான் ஏற்கமாட்டேன். இங்கே ஒரு பத்திரிகையாளரோ ஆசிரியரோ இன்று ஒரு படத்தை வெளியிடாமல் விடும்போது, அது மரியாதையா அச்சமா என்று அவருக்கே தெரியாத நிலை வந்துவிட்டது. அது பேச்சுச் சுதந்திரத்துக்கு எந்தச் சட்டமும் செய்யாத கேடு. அதே வேளையில், ஒரு கொலைகாரனுக்காகத் தெருவில் போகும் ஒவ்வொரு முஸ்லிமையும் விளக்கம் சொல்லச் சொல்வதும் அநீதிதான். அந்த இளைஞனைப் பற்றிய கேள்வியோடு பல வாரங்கள் வேலைத்தளங்களில் நிறுத்தப்பட்டவர்கள், என்னிடம் வழக்கு ஒப்படைத்த கட்சிக்காரர்களில் இருந்தார்கள்.

இப்போது உங்கள் சந்தேகத்தின் மையத்துக்கு வருகிறேன். நீதிமன்றங்கள் பெரும்பாலும் சமமாகவே நடந்திருக்கின்றன என்று மேலே காட்டினேன். பாராளுமன்றத்தைப் பற்றி அப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை. 2016 டிசம்பரில், மதப் போதனையின் பகுதியாகக் கொலை, வன்முறை, பலதார மணம் போன்ற குற்றங்களை வெளிப்படையாக ஆமோதிப்பதை மூன்று ஆண்டுகள் வரை சிறைக்குரிய குற்றமாக்கினார்கள். அதே சொற்களை ஒரு அரசியல்வாதி மேடையில் சொன்னால் இந்தப் பிரிவு தொடாது. போதகர் சொன்னால் தொடும். ஆறு மாதம் கழித்து, 2017 ஜூன் 2-இல், 140-ஆவது பிரிவை 75-க்கு 27 என்ற வாக்கில் நீக்கினார்கள். மதவாதி பேசுவதைச் சுருக்கிய அதே மன்றம், மதத்தை ஏளனம் செய்வதை விரித்தது. அடுத்த ஆண்டு முகத்தை மூடும் உடைக்குத் தடை வந்தது. 2018 ஓகஸ்ட் 1 தொடக்கம், முதல் தடவைக்கு 1000 குரோனர் தண்டப்பணம். சட்ட வாசகத்தில் இஸ்லாம் என்ற சொல்லே இல்லை. ஆனால் விவாதம் முழுவதும் நிகாப் அணியும் சில பெண்களைப் பற்றியே நடந்தது. அதன்பின் குடியுரிமை பெறும் சடங்கில் அதிகாரியோடு கைகுலுக்கினால்தான் குடியுரிமை என்ற விதி 2019-இல் நடைமுறைக்கு வந்தது. ஒருத்தி தன் முகத்தை மூடுவதும் ஒருவகைப் பேச்சுத்தான். அது உங்களுக்கும் எனக்கும் பிடிக்காமல் இருக்கலாம், பிடிக்காத பேச்சுக்குத்தான் பாதுகாப்புத் தேவை என்று 2005-இல் முழங்கியவர்கள் 2018-இல் அதை மறந்தார்கள். இந்த இடத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது.

140-ஆவது பிரிவை நீக்கியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அது நீங்கிய சூழல் இது: வட யூலண்டில் ஒருவர் 2015-இல் தம் வீட்டுத் தோட்டத்தில் குர்ஆனை எரித்துக் காணொளியை முகநூலில் போட்டிருந்தார், 2017-இல் அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 1997-இல் பொதுத் தொலைக்காட்சியில் ஒரு கலைஞர் பைபிளை எரித்தபோது வழக்கு வரவில்லையே என்று எதிர்த்தரப்பு கேட்டது. பதில் சொல்லக் கடினமான கேள்வி அது. எழுபது ஆண்டுகளாக எவரையும் தண்டிக்காத ஒரு சட்டத்தை ஒரு மதத்துக்காக மட்டும் எழுப்புவது, அந்த மதத்தவருக்கே நன்மை செய்யாது. பாகிஸ்தானில் மத நிந்தனைச் சட்டத்தில் தம் மக்கள்தொகைப் பங்கை மீறி அகப்படுவோர் கிறிஸ்தவர்களும் அஹ்மதியாக்களும் என்பதை நினைத்தால், இத்தகைய சட்டம் எங்கும் சிறுபான்மையின் நண்பனாக இருந்ததில்லை என்பது புரியும்.

2023-இன் சட்டம் வேறு வகை. ஜனவரியில் சுவீடனின் தலைநகர் ஸ்டொக்ஹோமில், துருக்கித் தூதரகத்துக்கு வெளியே, தீவிர வலதுசாரி டேனிஷ் அரசியல்வாதி ரஸ்முஸ் பலுடான் குர்ஆனை எரித்தார். ஜூனில் அதே நகரில், ஹஜ்ஜுப் பெருநாளன்று பள்ளிவாசலுக்கு வெளியே, ஈராக்கிலிருந்து வந்த சல்வான் மோமிகா எரித்தார். ஜூலையில் பக்தாத்தின் சுவீடன் தூதரகம் தீயிடப்பட்டது. டென்மார்க்கிலும் அந்தக் கோடை முழுவதும் எரிப்புகள் தொடர்ந்தன. டிசம்பர் 7-இல் பாராளுமன்றம் 94-க்கு 77 என்ற வாக்கில், அங்கீகரிக்கப்பட்ட மதச் சமூகம் ஒன்றுக்கு முக்கியமான எழுத்தைப் பகிரங்கமாக அவமதிப்பதைக் குற்றமாக்கியது. எந்தப் பிரிவில் அதைச் சேர்த்தார்கள் என்பதைப் பாருங்கள்: 110உ, அதாவது அந்நிய நாடுகளின் கொடியை அவமதிப்பதைத் தடுக்கும் பிரிவு. டென்மார்க்கில் டென்மார்க்கின் கொடியை எரிப்பது குற்றமன்று. பிற நாட்டுக் கொடியை எரிப்பதுதான் குற்றம். ஆகவே இது முஸ்லிம் அண்டைவீட்டாரின் மனத்தைக் காக்க எழுதிய சட்டம் அன்று. வெளியுறவையும் பாதுகாப்பையும் காக்க எழுதியது. அரசும் அதை மறைக்கவில்லை. தூதரகப் பணியாளர்களின் உயிர் பற்றிய கவலை போலியானதன்று என்றாலும், மிரட்டலுக்குப் பணிந்ததாகத் தோன்றும் ஒரு சட்டம் அடுத்த மிரட்டலை அழைக்கும் என்ற விமர்சனத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. எழுதிய விதத்திலும் குழப்பம் இருக்கிறது. சட்டம் நூல்களின் பெயரைச் சொல்லவில்லை. பிராண்டேயிலும் ஹேர்னிங்கிலும் நம்மவர்கள் கட்டிய இந்துக் கோயில்கள் இருக்கின்றன; நாளை ஒருவர் தேவாரப் பதிப்பை வீதியில் எரித்தால் அது "முக்கியமான எழுத்து" ஆகுமா என்று என்னிடம் கேட்டால், இரண்டு பக்கமும் வாதாட முடியும் என்றுதான் சொல்வேன். மோமிகாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: 2025 ஜனவரியில், அவர்மீதான வழக்கின் தீர்ப்புக்கு முதல் நாள் இரவு, அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு நீதிமன்றம் சொல்லவிருந்த தீர்ப்பைத் துப்பாக்கி சொல்லவிடவில்லை.

ஐரோப்பிய நீதிமன்றமும் இந்த விடயத்தில் ஒரே குரலில் பேசியதில்லை. 1994 செப்டெம்பர் 20-இல் ஒஸ்திரியாவின் தீரோல் மாகாணத்தில் கத்தோலிக்கர் மனம் புண்படும் என்று ஒரு திரைப்படத்தைப் பறிமுதல் செய்ததைச் சரி என்றது. மூன்றே நாள் கழித்து, இனவெறி இளைஞர்களைப் பேட்டி கண்டு ஒளிபரப்பிய டேனிஷ் ஊடகவியலாளரைத் தண்டித்தது தவறு என்றது. நபிகளை இழிவுபடுத்திய நாவலுக்காகத் துருக்கிப் பதிப்பாளர் ஒருவர் தண்டிக்கப்பட்டதை 4-க்கு 3 என்ற வாக்கில் ஏற்ற தீர்ப்பு 2005 செப்டெம்பர் 13-இல் வந்தது. பதினேழு நாள் கழித்துத்தான் கேலிச்சித்திரங்கள் அச்சாயின. ஆகவே, "ஐரோப்பாவில் மதத்தை எப்படியும் ஏளனம் செய்யலாம்" என்பதும் தவறு, "முஸ்லிம்களைப் புண்படுத்த மட்டும் அனுமதி" என்பதும் தவறு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அது நம் கதை. 1987-இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன், இலங்கைத் தமிழ் அகதிகளின் மனைவி மக்கள் டென்மார்க்குக்கு வந்து சேரும் சட்ட உரிமையைச் சத்தமில்லாமல் நிறுத்திவைத்தார். விடயம் வெளிவந்து 1993-இல் பிரதமர் போல் ஸ்லூட்டரின் அரசே பதவி விலகியது. 1995-இல் அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் நின்-ஹன்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. அந்த நீதிமன்றம் அதன்பின் கூடியது 2021-இல்தான்: பெரும்பாலும் சிரியாவிலிருந்து வந்த இளம் அகதித் தம்பதியரைச் சட்டவிரோதமாகப் பிரித்த முன்னாள் அமைச்சர் இங்கர் ஸ்டோய்பேர்க்குக்கு 60 நாள் சிறை. அகதிகளை வெறுத்த அமைச்சர்களும் இந்த நாட்டில் இருந்தார்கள், அவர்களைத் தண்டித்த நீதிபதிகளும் இருந்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்தே நான் டென்மார்க் என்கிறேன்.

உங்கள் மகளைப் பற்றி: அனுப்பலாம் என்பது என் கருத்து. ஹிஜாப் பல்கலைக்கழகத்திலோ வீதியிலோ தடை இல்லை. தடை முகத்தை மூடும் உடைக்கு மட்டுமே. படிப்பு முடிந்து வேலை தேடினால் இரண்டு விடயங்களை அறிந்திருக்கட்டும். எல்லா ஊழியருக்கும் ஒரே சீருடை விதி வைத்திருந்த ஒரு பேரங்காடி, ஹிஜாப் அணிந்தவரை நீக்கியது சட்டப்படி சரி என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி ஆசனத்தில் அமர்பவர் மத அடையாளம் அணிய 2009 முதல் அனுமதியில்லை. பேருந்தில் யாராவது முகம் சுளிப்பதை எந்தச் சட்டமும் தடுக்காது, அது நடக்கும். ஆனால் அவளது நம்பிக்கையைக் காரணமாக வைத்து யாராவது அடித்தாலோ மிரட்டினாலோ, அந்த நோக்கமே தண்டனையைக் கூட்டும் காரணம் என்று தண்டனைச் சட்டக்கோவையின் 81-ஆவது பிரிவு சொல்கிறது. பல பொலிஸ் நிலையங்களில் அதைத் தாமாகப் பதியமாட்டார்கள், அவள்தான் வாய்திறந்து சொல்ல வேண்டும். சொன்ன பிறகு முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் திரும்பி வரவேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். வழக்கைக் கைவிட்டால், காரணத்தை எழுத்தில் கேட்கவும், அந்த முடிவுக்கு எதிராக நான்கு வாரத்துக்குள் மேன்முறையீடு செய்யவும் அவளுக்கு உரிமை உண்டு.